நீட்டிய கை

நம் கல்யாணங்களில் மாப்பிள்ளை தாலியில் போடுவது ஒரே ஒரு முடிச்சுத்தான். மற்ற இரண்டு முடிச்சையும் பின்னால் நிற்கும் நாத்தனார் போட்டு முடிக்கிறாள். இதனால் மாப்பிள்ளையின் கௌரவம் குறைந்து போயிற்று என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தொடங்குவது ஒருவர், முடிப்பது இன்னொருவர் என்ற இந்த எளிய ஏற்பாட்டை ஒப்புக் கொள்வதற்கு அமெரிக்கர்கள் தங்களுடைய தேசிய விளையாட்டில் பட்ட பாடு கொஞ்ச நஞ்சமல்ல. அதிலே சண்டை உண்டு, கண்ணீர் உண்டு, பாழாய்ப் போன கைகள் உண்டு. கதை எழுதுகிறவனுக்கு வேண்டிய சரக்கு அத்தனையும் இருக்கிறது. பேஸ்பால் சரித்திரத்தின் மேல் எனக்குப் பிரியம் விழுந்ததற்குக் காரணம் அதுதான்.

பேஸ்பால் பார்த்திராத நேயர்களுக்கு இரண்டு வார்த்தை. கோஷ்டிக்கு ஒன்பது பேர். ஒரு கோஷ்டி மட்டை பிடிக்கும். மற்றது மைதானத்தில் நின்று தடுக்கும். மூன்று பேர் அவுட்டானால் இடம் மாற்றிக் கொள்ள வேண்டும். இப்படி ஒன்பது இன்னிங்ஸ். மட்டைக்காரர் பந்தை அடித்துவிட்டு மூன்று மூலைகளையும் தொட்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஒரு ரன். பாதி வழியில் ஏதாவது ஒரு மூலையில், அதாவது 'பேஸி'ல், காத்துக் கொண்டும் நிற்கலாம். மைதானத்தின் நடுவே ஒரு சின்ன மண்மேடு. அதன் மேல் நின்று அறுபதடி ஆறங்குலத் தூரத்திலிருந்து பந்தை வீசுகிறவருக்குப் பிட்சர் என்று பெயர்.

கிரிக்கெட்டில் ஆறு பந்து போட்டதும் பந்து வேறு கைக்குப் போய்விடுகிறது. போட்டவர் எல்லைக் கோட்டருகே போய் நின்று சற்று மூச்சு விட்டுக் கொள்ளலாம். பேஸ்பாலில் அந்தச் சலுகை கிடையாது. மண்மேட்டில் ஏறியவர், அவரை இறக்குகிற வரையில், ஒவ்வொரு பந்தையும் தாமே வீச வேண்டும். முழு ஆட்டத்தையும் ஒருவரே வீசினால் நூறு பந்துக்கு மேல் ஆகும். அதுவும் ஒவ்வொன்றும் முழு வேகத்தில். அவர் களைத்துவிட்டார் என்று தோன்றினால், மானேஜர் மைதானத்துக்குள் நடந்து வந்து கையை நீட்டுவார். பிட்சர் பந்தை அந்தக் கையில் வைத்துவிட்டு வெளியே போக வேண்டும். போனவர் அன்றைக்குத் திரும்பி வர முடியாது. தபால் பெட்டியில் போட்ட கடிதம் மாதிரிதான்.

இன்னும் ஒரு விதி உண்டு. அதை நேயர்கள் மனத்தில் முடிந்து வைத்துக் கொள்ள வேண்டும். பழைய பிட்சர் போகும்போது எதிரிகள் யாராவது பேஸில் நின்று கொண்டிருந்து, பிற்பாடு அவர்கள் ரன் எடுத்துவிட்டால், அந்த ரன் புதிதாக வந்தவர் கணக்கில் ஏறாது. போனவர் கணக்கில்தான் ஏறும். ஆசாமி ஊரை விட்டுப் போய்விட்டாலும் புரோநோட்டு அவர் பேரிலேயே இருக்கிறது!

ஆதி நாட்களில் பிட்சர் ஒரு பெரிய மனிதரே அல்ல. மட்டைக்காரர் அடிப்பதற்கு வசதியாகப் பந்தைப் போட்டுக் கொடுக்க வேண்டியது. அவ்வளவுதான் அவருக்கு வேலை. பந்தியில் உட்கார்ந்தவர் ரசத்துக்குக் கை காட்டுகிற மாதிரி, "உயரமாகப் போடு", "தாழப் போடு" என்று கேட்டு வாங்கும் உரிமை 1887-ம் வருஷம் வரையில் மட்டைக்காரருக்கு இருந்தது. தூரமும் ஐம்பதடிதான். காயம் பட்டாலொழியப் புதிய ஆளை இறக்கக் கூடாது என்பது அந்தக் காலத்து விதி. அப்படியானால் பிட்சருக்குக் கை ஓய்ந்தால் என்ன செய்வது? மைதானத்திலேயே, அதிக வேலை இல்லாத வலது கோடியில், இன்னொரு பிட்சரை நிறுத்தி வைத்திருப்பார்கள். இருவரும் இடம் மாற்றிக் கொள்வார்கள். முதல் 'ரிலீப் பிட்சர்' அந்த வலது கோடி ஆசாமிதான். ஸ்டேஷன் மாஸ்டர் லீவு போட்டால் ரிலீவிங் ஸ்டேஷன் மாஸ்டர் வருகிறார் அல்லவா? அதே ரிலீப்தான்.

1884-ம் வருஷம் பிராவிடன்ஸ் நகரத்துக் கோஷ்டியில் இரண்டு பிட்சர்கள் இருந்தார்கள். ஒருவர் சார்லஸ் ராட்போர்ன். வயது இருபத்தொன்பது, ஒரு காலத்தில் கசாப்புக் கடையில் வேலை பார்த்தவர், 'கிழக் குதிரை' என்று பட்டப் பெயர். மற்றவன் சார்லி ஸ்வீனி. இருபத்தொரு வயதுக் காளை. அந்த ஜூன் மாதம் பாஸ்டன் கோஷ்டிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் பத்தொன்பது பேரைப் பந்தைத் தொட விடாமலே அவுட்டாக்கினான் ஸ்வீனி. ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் அந்தக் கணக்கை மிஞ்ச 1986-ம் வருஷம் வரையில் ஒருவரும் பிறக்கவில்லை. பிள்ளையாண்டான் தலை கால் தெரியாமல் ஆடினான் என்று சொல்ல வேண்டியதில்லை. கிழக் குதிரைக்கோ உள்ளூரப் பொறாமை. ஜூலை மாதத்தில் ஒரு நாள் ஏதோ கோபத்தில் பந்தை வேண்டாவெறுப்பாக வீசித் தோற்றார் என்று நிர்வாகிகள் அவரைத் தள்ளி வைத்தார்கள்.

ஜூலை 22. ஸ்வீனி வீசிக் கொண்டிருக்கிறான். கோஷ்டி 6-2 என்று முன்னால் நிற்கிறது. மானேஜர் பிராங்க் பான்கிராப்ட், பையன் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும் என்று நினைத்து, "நீ வலது கோடிக்குப் போ; அங்கே இருப்பவன் வந்து வீசட்டும்" என்று சொல்லி அனுப்பினார். ஸ்வீனி மாட்டேன் என்றான். அன்று அவன் குடித்திருந்தான் என்றும் சொல்கிறார்கள். மறுபடியும் சொன்னார்கள். மைதானத்தை விட்டே வெளியே நடந்தான். புது ஆளை இறக்க விதியில்லை. எட்டுப் பேரை வைத்துக் கொண்டு ஆடிய பிராவிடன்ஸ் 10-6 என்று தோற்றுப் போயிற்று. ஸ்வீனியை அன்றே நீக்கினார்கள்.

பந்தைக் கொடு என்று கேட்டதற்கு ஒரு பிட்சர் சொன்ன பதில் அது. வெறும் திமிர் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஜெயித்துக் கொண்டிருக்கும்போது இறங்கச் சொன்னால் யாருக்குத்தான் ரோஷம் வராது? "உன்னால் முடியாது" என்பதை ஐயாயிரம் பேர் முன்னிலையில் சொல்வதாகத்தான் அந்தக் காலத்தில் அதற்கு அர்த்தம்.

ஒரு பிட்சரைத் தள்ளி வைத்தாயிற்று. ஒருவன் ஓடிப் போனான். கோஷ்டியையே கலைத்து விடலாமா என்று முதலாளிகள் யோசித்தார்கள். அப்போது ராட்போர்ன் வந்து ஒரு பேரம் பேசினார். மீதி ஆட்டங்களைத் தாமே வீசி விடுவதாகவும், அதற்கு அதிகப்படிச் சம்பளம் தர வேண்டும் என்றும், பருவம் முடிந்ததும் தம்மை ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்க வேண்டும் என்றும் கேட்டார். வேறு வழியில்லாமல் ஒப்புக் கொண்டார்கள். பிறகு நடந்ததுதான் நம்புவதற்குக் கஷ்டமான கதை. ஏறக்குறைய ஒவ்வோர் ஆட்டத்தையும் அந்த மனிதர் ஒருவரே வீசினார். அந்தப் பருவத்தில் அவர் தொடங்கிய ஆட்டங்கள் 73. முடித்த ஆட்டங்களும் 73. வீசிய இன்னிங்ஸ் 678. இந்தக் காலத்தில் ஒரு பிட்சர் வருஷத்துக்கு 200 இன்னிங்ஸ் வீசினால் இரும்பு மனிதர் என்று கொண்டாடுகிறார்கள்! கோஷ்டி ஜெயித்த 84 ஆட்டங்களில் அவர் கணக்கில் ஏறியவை 59 என்று ஒரு கட்சி, 60 என்று ஒரு கட்சி. அந்த வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. காலையில் எழுந்தால் தலை வாரிக் கொள்ளக்கூடக் கை உயராதாம். மைதானத்துக்கு முன்னதாகவே வந்து, கை சூடேறும் வரையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டிக் கொண்டே பந்தை எறிந்து பார்ப்பாராம். பிராவிடன்ஸ்தான் அந்த வருஷத்துச் சாம்பியன்.

கிழக் குதிரை 1897-ல் நாற்பத்திரண்டாம் வயதில் செத்துப் போனார். அதற்கு முன்பே வேட்டையில் ஒரு கண் போய்விட்டது. ஸ்வீனி ஒரு கொலை வழக்கில் சிக்கிச் சிறைக்குப் போய், நாற்பதைக் காணாமலே 1902-ல் மாண்டான்.

1891-ல் விதி தளர்ந்தது. எப்பொழுது வேண்டுமானாலும் புது ஆளை இறக்கலாம் என்று ஆயிற்று. ஆனால் விதியைத் தளர்த்தினால் போதுமா? மனம் தளர வேண்டாமா? 1904-ம் வருஷத்துக் கணக்கைப் பார்த்தால், பத்துப் பிட்சர்களில் ஏறக்குறைய ஒன்பது பேர் தொடங்கிய ஆட்டத்தைத் தாங்களே முடித்திருக்கிறார்கள். சை யங் என்ற மகா பிட்சர் தம் வாழ்நாளில் 815 ஆட்டங்களைத் தொடங்கி, 749 ஆட்டங்களை முடித்தார். ஆண்டு தோறும் சிறந்த பிட்சருக்கு அவர் பெயரால்தான் பரிசு கொடுக்கிறார்கள். அந்தப் பரிசை வாங்குகிறவர்களில் பலர் அந்த வருஷம் ஓர் ஆட்டத்தைக்கூட முழுதாக முடித்திருப்பதில்லை என்பது வேறு விஷயம்.

முதன் முதலில் இந்த மாற்றுக்காரருக்கென்று ஒரு தனி உத்தியோகம் கொடுத்தவர் நியூயார்க் ஜயண்ட்ஸ் கோஷ்டியின் மானேஜர் ஜான் மெக்ரா என்று சொல்லலாம். 1910-ஐ ஒட்டிய வருஷங்களில் ஓடிஸ் கிராண்டல் என்பவரை ஆபத்து வேளையில் இறக்குவதற்கென்றே வைத்திருந்தார். 'டாக்' என்று அவருக்குப் பெயர். டாக்டர் என்பதன் சுருக்கம். நோயில் விழுந்த ஆட்டத்துக்கு வைத்தியராம்! நல்ல பெயர்தான். ஆனால் வைத்தியர் வீட்டுக்குள் நுழைகிறார் என்றால் வீட்டில் யாரோ படுத்திருக்கிறார்கள் என்றுதானே தெருவில் பேசிக் கொள்வார்கள்?

அந்த மெக்ராவையே ஓர் இளைஞன் மாற்றுப் பிட்சர்களைக் கொண்டு மடக்கிய கதை 1924-ம் வருஷம் அக்டோபர் 10-ந் தேதி நடந்தது. ஏழு ஆட்டத்தில் நான்கை ஜெயித்தவர் சாம்பியன் என்று ஒரு போட்டி. 'உலகத் தொடர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். (உலகம் என்பது அமெரிக்காவும், பிற்காலத்தில் கொஞ்சம் கனடாவும்.) மூன்றுக்கு மூன்று என்று நின்றதால் ஏழாவது ஆட்டம். ஒரு பக்கம் மெக்ராவின் ஜயண்ட்ஸ். மறுபக்கம் வாஷிங்டன் நகரத்துக் கோஷ்டி. அது வரை ஒரு தடவைகூடச் சாம்பியன் ஆகாத கோஷ்டி. அதன் மானேஜர் பக்கி ஹாரிஸுக்கு வயது இருபத்தேழு. அதிலே பதினெட்டு வருஷமாக உழைத்து வந்தவர் வால்டர் ஜான்ஸன். அமெரிக்காவில் அவரைவிட வேகமாகப் பந்து வீசியவர் இல்லை என்று பெயர். குணத்திலோ பரம சாது. முப்பத்தாறாம் வயதில்தான் அவருக்கு உலகத் தொடரில் ஆடும் பாக்கியமே கிட்டியது. கிட்டி என்ன பயன்? முதல் ஆட்டத்தில் பன்னிரண்டு இன்னிங்ஸ் வீசித் தோற்றார். ஐந்தாவது ஆட்டத்திலும் தோற்றார். "பாவம், கிழவரின் காலம் முடிந்துவிட்டது" என்று தேசம் முழுவதும் இரக்கப்பட்டது. அந்த இரக்கத்தைப் போல் ஒரு மனிதனைக் கொல்லுவது வேறொன்று இல்லை.

ஹாரிஸ் ஒரு தந்திரம் செய்தார். பேஸ்பாலில் ஒரு சாஸ்திரம் உண்டு: இடக்கை மட்டைக்காரருக்கு வலக்கைப் பிட்சரின் பந்து சுலபம், இடக்கைப் பிட்சரின் பந்து கஷ்டம். மெக்ராவிடம் பில் டெர்ரி என்ற இடக்கை இளைஞர் இருந்தார். தொடர் முழுவதும் வெளுத்துக் கட்டிக் கொண்டிருந்தார். வலக்கைப் பிட்சர் வந்தால்தான் அவரை மெக்ரா இறக்குவார். ஹாரிஸ் அன்று காலை வலக்கைக்காரரான ஆக்டன் தொடங்குவார் என்று அறிவித்தார். மெக்ராவும் டெர்ரியை இறக்கினார். ஆக்டன் இரண்டே மட்டைக்காரர்களுக்கு வீசினார். ஹாரிஸ் கையை நீட்டினார். கொட்டகைக்கு அடியில் யார் கண்ணிலும் படாமல் கையைச் சூடேற்றிக் கொண்டிருந்த இடக்கைக்காரர் மாக்ரிட்ஜ் வந்து சேர்ந்தார். டெர்ரிக்குப் பந்து அகப்படவில்லை. ஆறாவது இன்னிங்ஸில் மெக்ரா பொறுமையிழந்து டெர்ரியை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போட்டார். உடனே ஹாரிஸ் மாக்ரிட்ஜையும் எடுத்துவிட்டு, மார்பெரி என்ற வலக்கைக்காரரைக் கொண்டு வந்தார். டெர்ரிதான் போனவர் ஆயிற்றே, திரும்ப முடியாதே!

தந்திரம் பலித்தாலும் ஆட்டம் பலிக்கவில்லை. ஜயண்ட்ஸ் 3-1 என்று முந்திக் கொண்டது. எட்டாவது இன்னிங்ஸில் ஹாரிஸே மட்டை பிடித்து அடித்த பந்து தரையோடு உருண்டு போய், ஏதோ ஒரு கூழாங்கல்லில் பட்டது போல் துள்ளி, பதினெட்டு வயதான லிண்ட்ஸ்டிராமின் தலைக்கு மேலே பறந்தது. 3-3. ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு மண்மேட்டை நோக்கி நடந்து வந்தவர் யார் தெரியுமா? தொடங்கித் தொடங்கித் தோற்ற ஜான்ஸன்! ஜனாதிபதி கூலிட்ஜ் கூட அன்று மைதானத்தில் இருந்தார். ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று நான்கு இன்னிங்ஸ். ஒவ்வொன்றிலும் ஆபத்து. ஒரு ரன்கூட அவர் கொடுக்கவில்லை. பன்னிரண்டாவதில் வாஷிங்டன் மட்டை பிடித்தபோது, உயரே எழும்பிய ஒரு சுலபமான பந்தைப் பிடிக்கப் போன ஜயண்ட்ஸ் காட்சர், தாம் கழற்றி எறிந்த முகமூடியிலேயே காலை விட்டுக் கொண்டு தடுமாறிக் கோட்டை விட்டார். தப்பிய ரூல் இரண்டாவது பேஸ் வரை ஓடினார். பிறகு மக்நீலி அடித்த பந்து தரையோடு போயிற்று, மறுபடியும் அதே லிண்ட்ஸ்டிராம், மறுபடியும் துள்ளல், தலைக்கு மேலே! ரூல் ஓடி வந்து சேர்ந்தார். 4-3. கதையில் நான் இரண்டு கூழாங்கல் வைத்திருந்தால் ஆசிரியர் ஒன்றையாவது அடித்திருப்பார்.

சரியாக இரண்டு வருஷம் கழித்து, அதே அக்டோபர் 10-ந் தேதி, நியூயார்க்கில் இன்னொரு ஏழாவது ஆட்டம். செயின்ட் லூயிஸ் கோஷ்டி 3-2 என்று முன்னால் இருக்கிறது. ஏழாவது இன்னிங்ஸ். பிட்சர் ஹெயின்ஸின் விரலில் கொப்புளம் வெடித்துவிட்டது. மூன்று பேஸிலும் யாங்கீஸ் ஆட்கள். இரண்டு பேர் அவுட். அடிக்க வருகிறவர் டோனி லஸ்ஸேரி. மானேஜர் ஹார்ன்ஸ்பி கை நீட்டி வாங்கிய பந்தை யாரிடம் கொடுத்தார்? குரோவர் கிளீவ்லண்ட் அலெக்ஸாண்டர் என்ற முப்பத்தொன்பது வயதுக்காரரிடம். முதல் உலக யுத்தத்தில் பீரங்கிப் படையில் இருந்து, ஒரு காது கெட்டு, காக்காய் வலிப்போடும் குடிப் பழக்கத்தோடும் திரும்பியவர். முதல் நாள்தான் ஒன்பது இன்னிங்ஸும் முழுதாக வீசி ஜெயித்திருந்தார். அந்தக் குஷியில் இரவெல்லாம் குடித்தார், அன்று போதை தெளியாமல்தான் வந்தார் என்பது ஊர்ப் பேச்சு. ஹார்ன்ஸ்பி எதிரே நடந்து போய் அவருடைய கண்ணைப் பார்த்துவிட்டுத்தான் பந்தைக் கொடுத்தார் என்பார்கள்.

லஸ்ஸேரி ஒரு பந்தை ஓங்கி அடித்தார். இடது கோட்டை ஒட்டிப் பறந்த பந்து கடைசியில் வெளிப்பக்கம் விழுந்தது. சில அடி உள்ளே விழுந்திருந்தால் நாலு ரன். அலெக்ஸாண்டரின் பெயரை இன்று ஒருவரும் வேறு விதமாகத்தான் சொல்லுவார்கள். அடுத்த வீச்சில் லஸ்ஸேரி அவுட். எட்டாவது இன்னிங்ஸும் ஒன்பதாவதும் அலெக்ஸாண்டரே வீசினார். கடைசியில் பேப் ரூத் இரண்டாவது பேஸுக்குத் திருட்டு ஓட்டம் ஓடப் பார்த்து அகப்பட்டுக் கொண்டதோடு ஆட்டம் முடிந்தது. 1952-ல் இந்தக் கதையைச் சினிமாவாக எடுத்தபோது அலெக்ஸாண்டராக நடித்தவர் ரோனால்டு ரீகன். பிற்பாடு ஜனாதிபதியான அதே ரீகன்தான்.

ஒன்று கவனிக்க வேண்டும். ஜான்ஸனும் அலெக்ஸாண்டரும் தொடங்குகிற ஜாதி. ஒரு நாள் அவசரத்துக்கு வந்து முடித்துக் கொடுத்தார்கள். நிரந்தர மாற்றுக்காரர்களின் நிலைமை வேறு. மைதானத்தின் ஓரத்தில் அவர்கள் கையைச் சூடேற்றும் இடத்துக்குப் பெயர் 'புல்பென்'. காளைகளை அடைக்கிற பட்டி! தொடங்கத் தகுதியில்லாதவர்கள், வயதானவர்கள், கை போனவர்கள் இவர்களுக்குத்தான் வெகு காலம் அங்கே வாசம். 1950-ல் பிலடெல்பியாவின் ஜிம் கான்ஸ்டன்டி எழுபத்து நான்கு ஆட்டங்களில் ஒன்றைக்கூடத் தொடங்காமலே அந்த லீகின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற விருதை வாங்கினார். மாற்றுப் பிட்சருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் தடவை. உலகத் தொடர் வந்தபோது என்ன செய்தார்கள்? அவரை முதல் ஆட்டத்தைத் தொடங்கச் சொன்னார்கள்! அவரும் அருமையாக வீசி 1-0 என்று தோற்றார். ஹாய்ட் வில்ஹெல்ம் என்று இன்னொருவர். யுத்தத்தில் குண்டுக் காயம் பட்டவர். இருபத்தொன்பதாம் வயதில்தான் பெரிய லீகுக்கே வந்தார். முதன் முதல் மட்டை பிடித்த அன்றே பந்தை எல்லைக்கு வெளியே அடித்தார். பிறகு இருபத்தொரு வருஷம் ஆடியும் இன்னொன்று அடிக்கவில்லை. விரல் நுனியால் தள்ளி, சுழலாமல் தள்ளாடி வரும் பந்தை வைத்துக் கொண்டு ஐம்பது வயதுக்குச் சில நாள் முன்பு வரையில் 1,070 ஆட்டங்களில் வந்து போனார். அவருடைய ஜாதிக்குக் கீர்த்தி மண்டபத்தில் இடம் கிடைத்தது 1985-ல்தான். முதல் இடம் அவருக்குத்தான்.

மாற்றுக்காரர்களுக்கு மரியாதை வாங்கிக் கொடுத்தவர் ஒரு பத்திரிகைக்காரர் என்பதில் எனக்குத் தனிப் பெருமை உண்டு. சிகாகோவைச் சேர்ந்த ஜெரோம் ஹோல்ட்ஸ்மன். 1959-ல் பிட்ஸ்பர்க் கோஷ்டியின் எல்ராய் பேஸ் என்ற மாற்றுப் பிட்சர் 18 வெற்றி, 1 தோல்வி என்று கணக்குக் காட்டினார். ஹோல்ட்ஸ்மனுக்கு இதில் ஒரு சந்தேகம். சில ஆட்டங்களில் இவர் வந்து, ஜெயித்துக் கொண்டிருந்ததைச் சமமாக்கி விடுகிறார். பிறகு கோஷ்டி ரன் எடுத்து ஜெயித்தால் வெற்றி இவர் பேரில் எழுதப்படுகிறது! அடைக்க வந்தவரே ஓட்டை போட்டால் அவருக்கு வெற்றியா? முன்னிலையைக் காப்பாற்றி முடித்துக் கொடுத்தவருக்குத் தனியாக ஒரு கணக்கு வேண்டும் என்று அவர் ஏற்படுத்தியதுதான் 'ஸேவ்'. 1969 முதல் அது அதிகாரபூர்வமான கணக்காயிற்று.

கணக்கு ஏற்பட்டதும் என்ன ஆகும் என்று குமாஸ்தா வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். வேலைக்காகக் கணக்கு என்பது போய், கணக்குக்காக வேலை என்று ஆகிவிட்டது. ஓக்லண்டில் மானேஜராயிருந்த டோனி லா ரூஸா, குடியை விட்டுத் தேறி வந்த பழைய தொடக்கக்காரர் டென்னிஸ் எக்கர்ஸ்லியை 1988 முதல் பெரும்பாலும் ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு மட்டுமே இறக்கினார். மற்றக் கோஷ்டிகளும் பின்பற்றின. ஏழாவதுக்கு ஒருவர், எட்டாவதுக்கு ஒருவர், ஒன்பதாவதுக்குப் பெரியவர். எனக்கு இதில் பூரண சம்மதமில்லை. 1926-ல் வீடு பற்றி எரிந்தது ஏழாவது இன்னிங்ஸில். அலெக்ஸாண்டர் அப்போது பட்டியில் உட்கார்ந்து ஒன்பதாவதுக்குக் காத்திருந்தால், அங்கே அணைப்பதற்குச் சாம்பல்தான் மிஞ்சியிருக்கும்.

ஆனாலும் அந்த உத்தியோகத்தை ஒரு தவம் மாதிரி செய்த மனிதரும் உண்டு. பனாமா தேசத்தில் மீன் பிடிக்கும் தகப்பனாருடைய படகில் வேலை செய்தவர் மரியானோ ரிவேரா. பத்தொன்பது வருஷம் நியூயார்க் யாங்கீஸில் இருந்தார். பெரும்பாலும் ஒரே விதப் பந்துதான் வீசுவார். கடைசி நிமிஷத்தில் மட்டையின் கைப்பிடிப் பக்கம் விலகி வரும் அந்தப் பந்து என்னவென்று எல்லோருக்கும் தெரியும், அடிக்கத்தான் தெரியாது. ஸேவ் 652. 2013-ம் வருஷம் செப்டம்பர் 26-ந் தேதி சொந்த மைதானத்தில் அவருக்குக் கடைசி ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட்டானதும் பந்தை வாங்கிக் கொள்ள இருவர் நடந்து வந்தார்கள். வந்தவர்கள் மானேஜர் அல்ல. அவரோடு கூடவே வளர்ந்த தோழர்கள் பெட்டிட்டும் ஜீட்டரும். ரிவேரா பந்தைக் கொடுத்துவிட்டு, பெட்டிட்டின் தோளில் முகத்தைப் புதைத்துக் கொண்டு குழந்தை மாதிரி விம்மி அழுதார். கோஷ்டி அன்று தோற்றுக் கொண்டிருந்தது. யாருக்கு அது ஞாபகம்?

இதற்கிடையில் தொடக்கக்காரர்கள் என்ன ஆனார்கள்? அவர்களுடைய கையின் விலை ஏறிக் கொண்டே போயிற்று. 1974-ல் டாக்டர் பிராங்க் ஜோப் என்பவர், டாமி ஜான் என்ற பிட்சரின் இடது முழங்கையில் அறுந்து போன தசைநாருக்குப் பதிலாக, வலது கையிலிருந்து நரம்பெடுத்துத் தைத்தார். அந்தக் கை அதற்குப் பிறகு 164 வெற்றி கண்டது. கையைக் காப்பாற்ற வேண்டும் என்று பந்துகளை எண்ண ஆரம்பித்தார்கள். நூறு ஆனால் மானேஜருக்கு வயிற்றைக் கலக்கும். பிறகு கணக்கர்கள் இன்னொன்றைக் கண்டு பிடித்தார்கள். ஒரே பிட்சரை ஓர் ஆட்டத்தில் மூன்றாம் முறை சந்திக்கும்போது மட்டைக்காரர்கள் நன்றாக அடிக்கிறார்கள். பிட்சர் களைத்தது மட்டும் காரணம் அல்ல. அவருடைய பந்து கண்ணுக்குப் பழகி விடுகிறது. களைப்பே இல்லாதவரையும் இறக்கிவிட வேண்டும் என்று இதற்கு அர்த்தம். 2018 மே மாதத்தில் டாம்பா பே கோஷ்டி ஸெர்ஜியோ ரோமோவை முதல் இன்னிங்ஸுக்கு மட்டும் அனுப்பியது. 2012 உலகத் தொடரின் கடைசிப் பந்தை வீசிய முடிப்புக்காரர், இப்போது தொடங்கிவிட்டுப் போகிறார்! 2023-ல் இரண்டு லீகிலுமாகப் பிட்சர்கள் தொடங்கிய ஆட்டம் 4,860. தாங்களே முடித்தது 35.

அந்த டாம்பா பே கோஷ்டிதான் 2020 அக்டோபர் 27-ந் தேதி உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தை ஆடியது. தோற்றால் தொடர் போயிற்று. பிட்சர் பிளேக் ஸ்னெல். லாஸ் ஏஞ்சல்ஸ் மட்டைக்காரர்கள் ஒன்பது பேர் அவர் பந்தைத் தொட முடியாமல் திரும்பிப் போயிருந்தார்கள். 1-0 என்று முன்னால். ஆறாவது இன்னிங்ஸில் ஒருவர் அவுட். ஒருவர் சுமாராக அடித்து முதல் பேஸில் நிற்கிறார். அடுத்து மூன்றாம் முறையாக வருகிறவர் மூக்கி பெட்ஸ்; அன்று இரண்டு தடவை ஸ்னெல்லிடம் ஏமாந்தவர். வீசியது 73 பந்துதான். மானேஜர் கெவின் காஷ் படியேறி வெளியே வந்தார். ஸ்னெல் வாய்க்குள் ஏதோ சொல்லிக் கொண்டே திரும்பி நின்றார். பிறகு பந்தைக் கொடுத்தார். ஸ்வீனியைப் போல் மைதானத்தை விட்டு ஓட அவருக்கு வழியில்லை. நூற்று முப்பத்தாறு வருஷம் ஆகிவிட்டது. மாற்று வந்தவரை பெட்ஸ் உடனே ஓங்கி அடித்தார். சில நிமிஷத்தில் 2-1, முடிவில் 3-1. ஸ்னெல் போனது தமக்குச் சந்தோஷமாக இருந்தது என்று பெட்ஸே பிற்பாடு சொன்னார். முதல் பேஸில் நின்றவர் எடுத்த ரன் யார் பேரில் எழுதப்பட்டது? ஸ்னெல் பேரில்தான்.

ஐந்து வருஷம் கழித்து, 2025 நவம்பர் 1. டொராண்டோ நகரம். ஏழாவது ஆட்டம். ஸ்னெல் இப்போது லாஸ் ஏஞ்சல்ஸ் கோஷ்டியில். தம்மை அன்று தோற்கடித்தவர்களோடு. எட்டாவது இன்னிங்ஸில் அவரே மாற்றுப் பிட்சராக வந்திருந்தார். ஒன்பதாவதில் 4-4. டொராண்டோ ஒரு ரன் எடுத்தால் எல்லாம் முடிந்தது. ஒருவர் அவுட், இரண்டு பேஸில் இரண்டு பேரை நிற்க வைத்து விட்டார் ஸ்னெல். மானேஜர் டேவ் ராபர்ட்ஸ் வந்து கையை நீட்டினார். பந்தை வாங்க வந்தவர் ஜப்பானியரான யோஷினோபு யமமோட்டோ. முதல் நாள் இரவுதான் 96 பந்து வீசி ஆறாவது ஆட்டத்தை ஜெயித்தவர். அதற்கு ஆறு நாள் முன்பு ஓர் ஆட்டத்தைத் தாமே முழுதாக முடித்தவர். கணக்கர்களின் சாஸ்திரப்படி அந்தக் கை அன்று சட்டைப் பைக்குள் இருந்திருக்க வேண்டும்.

வந்ததும் ஒரு பந்து மட்டைக்காரர் மேலேயே பட்டது. மூன்று பேஸும் நிரம்பின. அடுத்த பந்து தரையோடு போயிற்று. வீட்டுக்கு ஓடி வந்தவர் அவுட். அதற்கடுத்தது எல்லைச் சுவர் வரை பறந்தது. இரண்டு பேர் ஓடி மோதிக் கொண்டதில் ஒருவர் கீழே விழுந்தார், ஒருவர் பிடித்தார். பத்தாவது இன்னிங்ஸையும் யமமோட்டோவே வீசினார். பதினொன்றாவதில் வில் ஸ்மித் எல்லைக்கு வெளியே ஒன்று அடித்தார். 5-4. அந்த இன்னிங்ஸின் இறுதியில் ஒரே பந்தில் இருவர் அவுட்டாகி ஆட்டம் முடிந்தது. யமமோட்டோ அன்று வீசியது 34 பந்து. வெற்றி அவர் கணக்கில் ஏறியது. ஒன்பதாவது இன்னிங்ஸில் பேஸில் நின்ற இருவரும் வீடு வந்து சேரவே இல்லை. ஸ்னெல்லின் பேரில் அன்று கடன் எதுவும் எழுதப்படவில்லை.